கருவாட்டு மணமும் கத்திப் பயமும்

அசர் தொழுகை முடிந்த கையோடு ராத்தா எங்கள் வளவுக்குள் வந்தால் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். பேரனின் விஞ்ஞானப் பாடம், இல்லாவிட்டால் யாருடையதாவது மருந்துத் துண்டு. முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்துவிட்டு ஓய்வு பெற்றவனை நற்பிட்டிமுனை லேசில் விடாது. அன்றைக்கு அவர் கையில் கொப்பியும் இல்லை, துண்டும் இல்லை. மடியில் ஒரு கைப்பை. அதை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார். இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்ரீ வந்தது. எடுக்கவில்லை.

"தம்பி, கத்தி வெச்சாப் பரவுமாமே. மெய்தானா?"

விசயம் பிறகுதான் வந்தது. அவருடைய தங்கைக்கு மார்பில் கட்டி. ஊசியால் எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று தெரிந்திருக்கிறது. ஒப்பரேஷன் செய்யலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு வீட்டில் ஆளுக்கொரு கதை. இன்னாருடைய மாமிக்கு வெட்டி ஆறு மாதத்தில் ஈரலுக்குப் போய்விட்டதாம். இன்னொருவர் வெட்டாமலே நாட்டு மருந்து குடித்து நன்றாக இருக்கிறாராம்.

ஓம் என்று ஒரே சொல்லில் முடித்தாலும் பிழை, இல்லை என்று முடித்தாலும் பிழை. "தேத்தண்ணியக் குடிங்க ராத்தா. இது ஒரு கோப்பையில முடியிற கதையில்ல" என்றேன்.

முதலில் 'பரவுதல்' என்ற சொல்லையே கொஞ்சம் பார்க்க வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்கு வெள்ளம்தான் நினைவுக்கு வரும். மாரியில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாய்ந்தால் அது ஆள் பார்க்காது, வயல் பார்க்காது, பள்ளம் கண்ட இடமெல்லாம் நிரப்பும். புற்றுநோய் அப்படிப் போவதில்லை. மார்பகப் புற்றுநோய் வெளிக்கிட்டால் எங்கே போய்ச் சேரும் என்பது டொக்டர்மாருக்கு மனப்பாடம்: அக்குளின் நிணநீர்க் கணுக்கள், என்பு, சுவாசப்பை, ஈரல், மூளை. இதில் சிறுநீரகம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இதயம் தள்ளிவிடும் குருதியில் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குத்தான் போகிறது. குருதி அள்ளிக்கொண்டு போய் விட்ட இடத்தில் முளைப்பதுதான் கதை என்றால் முதல் அடி அங்கேதான் விழ வேண்டும். ஆனால் மார்பகப் புற்று அங்கே குடியேறுவது அரிது.

இந்தக் கணக்கு உதைப்பதை முதலில் அழுத்திச் சொன்னவர் இலண்டன் சத்திரசிகிச்சை மருத்துவர் ஸ்டீபன் பேஜட். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேத பரிசோதனைப் பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு, நோய் எந்த உறுப்பில் எத்தனை முறை இருந்தது என்று எண்ணினார். 1889இல் 'லான்செட்' இதழில் எழுதினார். செடியின் விதை எல்லாத் திக்கிலும் போகும், ஆனால் ஒத்த மண்ணில்தான் முளைக்கும் என்பது அவர் வைத்த உவமை. வெள்ளாமை செய்யும் ஊரில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. ராத்தாவே சொன்னார்: "ஓ, உவர்த் தரையில வெதச்சா என்ன மொளைக்கும்?"

1928இல் அமெரிக்கரான ஜேம்ஸ் யூவிங் இதை மறுத்தார். விதையும் மண்ணும் வேண்டாம், வாய்க்கால் எங்கே போகிறதோ அங்கேதான் கட்டி வரும் என்றார். அவர் சொன்னதிலும் பாதி சரி. குடலிலிருந்து திரும்பும் குருதி நேரே ஈரலுக்குத்தான் போகிறது. அதனால்தான் பெருங்குடல் புற்று ஈரலுக்குப் போகிறது. வாய்க்கால் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, மண் வளர்த்துவிடுகிறது. ஆனாலும் நடுவில் ஒரு கேள்வி விடைதெரியாமல் நின்றது. ஓடுகிற தண்ணீரில் போகும் விதை, இது என் மண் என்று எப்படி அறிந்து இறங்குகிறது?

இந்த இடத்தில் எங்கள் வீட்டுப் பூனை உதவிக்கு வந்தது. குசினியில் மருமகள் கருவாடு பொரிக்கத் தொடங்கியிருந்தாள். மதிலில் படுத்திருந்த பூனை தலையைத் தூக்கியது. மூக்கை இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை நீட்டியது. இறங்கியது, நாலடி வைத்தது, நின்றது, மறுபடி மோந்தது. எந்தப் பக்கம் மணம் கூடுகிறதோ அந்தப் பக்கம் அடுத்த அடி. இப்படியே குசினி வாசலில் வந்து உட்கார்ந்தது. அதே முற்றத்தில் கட்டியிருந்த ஆடு தலை நிமிரவேயில்லை. மணம் இரண்டுக்கும் ஒன்றுதான். அந்த மணத்துக்கான மூக்கு ஆட்டுக்கு இல்லை.

நம் உடம்புக்குள்ளும் இப்படி மணம் விடுகிற சிறு புரதங்கள் இருக்கின்றன. கீமோகைன் என்று பெயர். "கீமோவா? அது மயிர் கொட்டுற மருந்தில்லயா?" என்று ராத்தா திடுக்கிட்டார். பெயரில் மட்டும்தான் உறவு. கீமோ சிகிச்சை வெளியிலிருந்து ஏற்றுவது. கீமோகைன் நாமே சுரப்பது. மனித உடம்பில் கிட்டத்தட்ட ஐம்பது வகைக் கீமோகைன்கள், அவற்றை உணரும் மூக்குகள் இருபதளவில். பாடப் புத்தகத்தில் அந்த மூக்குக்கு 'வாங்கி' என்று பெயர். கலத்தின் தோலை ஏழு தரம் ஊடுருவி மடிந்து நிற்கும் ஒரு புரதம் அது.

இவை எதற்காக இருக்கின்றன? ஒரு வெண்குழியத்தோடு கூடவே போய்ப் பார்க்கலாம். மீன் வெட்டும்போது விரலில் முள் குத்திவிட்டது. குத்துப்பட்ட இடத்துக் கலங்கள் கீமோகைன் விடுகின்றன. பக்கத்திலிருக்கும் நுண்ணிய குருதிக் குழாயின் உட்சுவரில் அவை போய் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டாமல் மிதந்தால் குருதி அந்த நொடியே அடித்துக்கொண்டு போய்விடும். சுவரில் பாசி மாதிரிப் படர்ந்திருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள் அவற்றைப் பிடித்து வைக்கின்றன. குருதியோடு வருகிற வெண்குழியம் சுவரைத் தொட்டுத் தொட்டு உருள்கிறது, சரிவில் உருளும் தேங்காய் மாதிரி. உருளும்போதே அதன் மேலுள்ள வாங்கி கீமோகைனில் முட்டுகிறது. முட்டியதும் கலத்தின் மேல் மடங்கிக் கிடந்த கொளுக்கிகள் நிமிர்ந்து சுவரை இறுகப் பிடிக்கின்றன. உருளல் நின்றுவிடும். பந்து போலிருந்த கலம் தட்டையாகி ஒரு பக்கம் காலை நீட்டும். எந்தப் பக்கம் நீட்டுவது? முன்னால் உள்ள வாங்கிகளில் எத்தனை நிரம்பியிருக்கின்றன, பின்னால் எத்தனை என்று ஒப்பிட்டுப் பார்க்கிறது. நூற்றுக்கு ஒன்றிரண்டு வித்தியாசம் இருந்தாலே அதற்குத் திசை தெரிந்துவிடும். பிறகு இரண்டு சுவர்க் கலங்களுக்கு நடுவே நெருக்கிப் புகுந்து, குழாய்க்கு வெளியே வந்து, முள் குத்திய இடத்துக்கு நடக்கிறது. இவ்வளவும் செய்கிற அந்தக் கலத்தின் அகலம் ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு.

இந்த ஐம்பதில் ஒன்றை மட்டும் இன்றைக்கு நினைவில் வைத்தால் போதும். அதன் பெயர் சி.எக்ஸ்.சி.எல். 12. அதை மோக்கும் வாங்கியின் பெயர் சி.எக்ஸ்.சி.ஆர். 4. ராத்தாவுக்காக ஒன்றைப் பன்னிரண்டாம் மணம் என்றும் மற்றதை நாலாம் மூக்கு என்றும் வைத்துக்கொண்டோம். என்பு மச்சை இந்தப் பன்னிரண்டாம் மணத்தை எப்போதும் விட்டுக்கொண்டிருக்கிறது. குருதியின் தாய்க் கலங்களுக்கு நாலாம் மூக்கு உண்டு. உம்மாவின் குசினி மணத்துக்குப் பிள்ளைகள் வீட்டைச் சுற்றியே நிற்பதுபோல அவை மச்சையை விட்டு நகராமல் இருப்பது இதனால்தான்.

2001இல் அன்யா முல்லர், அல்பர்ட் ஸ்லொட்னிக் ஆகியோரின் குழு 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. மார்பகப் புற்றுநோய்க் கலங்களில் எந்தெந்த மூக்கு இருக்கிறது என்று அவர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். சாதாரண மார்பகக் கலத்தில் காணக்கிடைக்காத நாலாம் மூக்கு புற்றுக் கலங்களில் நிறைய இருந்தது. பிறகு உறுப்புகளைப் பார்த்தார்கள். நிணநீர்க் கணு, சுவாசப்பை, ஈரல், என்பு மச்சை ஆகியவற்றில் பன்னிரண்டாம் மணம் கூடுதல். சிறுநீரகத்திலும் தசையிலும் தோலிலும் குறைவு. பேஜட் எண்ணி வைத்த பட்டியலோடு இது பொருந்தியது. மனித மார்பகப் புற்றுக் கலங்களை ஏற்றிய எலிகளில் நாலாம் மூக்கை ஒரு எதிர்ப்புரதத்தால் அடைத்தபோது கணுக்களிலும் சுவாசப்பையிலும் போய் முளைத்த கட்டிகள் வெகுவாகக் குறைந்தன.

புற்றுக் கலம் புதிதாக ஒரு பாதையை வெட்டவில்லை. நம் வெண்குழியங்களுக்கென்று உடம்பு போட்டு வைத்த பாதையில், நம் வெண்குழியத்தின் மூக்கை மாட்டிக்கொண்டு போகிறது. அக்குள் கணுக்களின் சங்கதி இன்னும் விசித்திரம். கிருமியைக் கண்ட காவற்கலங்கள் முறைப்பாடு கொடுக்கக் கணுவுக்கு ஓடும். அதற்கென்று அவற்றுக்கு ஏழாம் மூக்கு ஒன்று உண்டு, சி.சி.ஆர். 7. பல புற்றுக் கலங்கள் அதையும் மாட்டிக்கொள்கின்றன. கள்ளன் பொலிஸ் நிலையத்துக்குப் போகும் வழியைப் பிடித்துப் போய் அங்கேயே பாய் விரிக்கிறான். வாய்ப் புற்று முதலில் கழுத்துக் கணுவில் வீங்குவதிலும் இந்த ஏழாம் மூக்குக்குப் பங்கு உண்டு. இதைச் சொன்னபோது ராத்தா வெற்றிலைக் கறைப் பல்லை உதட்டால் மூடிக்கொண்டார். நானும் தொடரவில்லை. இலங்கை ஆண்களில் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்று என்பதையும், புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்குக்கூடப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் அறிக்கை வெளியிட்டதையும் வேறொரு நாளைக்கு வைத்துக்கொண்டேன்.

"அப்ப மூக்க அடச்சாச் சரிதானே? அதுக்கு மருந்தில்லயா?" என்றார்.

எல்லோரும் கேட்கும் கேள்வி. மூக்கடைக்கும் மருந்து இருக்கிறது. ஆனால் அது வந்த வழி வேறு. பெல்ஜியத்தின் லூவென் நகரில் எரிக் டி கிளார்க் என்பவரின் ஆய்வுக்கூடம் எயிட்ஸ் வைரசுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தது. ஒரு சேர்மானம் வைரசை அடக்கியது. அதையே சுத்தமாகச் செய்து பார்த்தால் அடக்கவில்லை. வேலை செய்தது மருந்தல்ல, அதில் கலந்திருந்த அழுக்கு. அந்த அழுக்கிலிருந்து வளர்த்தெடுத்த பொருள்தான் பிளெரிக்ஸாஃபோர். எயிட்ஸ் வைரஸ் கலத்துக்குள் நுழையும் கதவுகளில் ஒன்று நாலாம் மூக்கு என்று 1996இல் தெரியவந்தது. பிளெரிக்ஸாஃபோர் அடைத்தது அந்தக் கதவைத்தான். ஆட்களுக்கு ஏற்றிப் பார்த்தபோது ஒரு வியப்பு: வெண்குழிய எண்ணிக்கை ஏறியது. மச்சையைச் சுற்றியிருந்த கலங்களுக்கு மணம் தெரியாமற் போனதும் அவை தெருவுக்கு, அதாவது குருதிக்கு, வந்துவிட்டன. எயிட்ஸ் மருந்தாக அது தேறவில்லை. ஆனால் சில குருதிப் புற்றுநோயாளருக்குத் தாய்க் கலங்களைக் குருதியிலிருந்து சேகரித்து வைக்க வேண்டியிருக்கும். அதற்கு உதவும் மருந்தாக 2008இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நாலாம் மூக்கு மூடவே தெரியாமல் பிறக்கும் சிலர் இருக்கிறார்கள். அவர்களின் வெண்குழியங்கள் மச்சையை விட்டு இறங்காமல் அங்கேயே தேங்கிவிடும், கிருமி வந்தால் தாங்காது. அந்த அரிய நோய்க்கு மவோரிக்ஸாஃபோர் என்ற மூக்கடைப்பு மாத்திரை 2024இல் வந்தது.

புற்றுநோய் பரவாமல் தடுக்கவென்று இதை ஏன் எல்லோருக்கும் கொடுப்பதில்லை என்பதற்கு விடையும் இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. கள்ளனின் மூக்கும் வீட்டுப் பிள்ளையின் மூக்கும் ஒன்றே. வயலில் களைநெல் வந்தால் படும் பாடு இதுதான். அது நெல்லின் சொந்த இனம். அதைக் கொல்லும் மருந்து பயிரையும் கொல்லும். அதோடு மூக்கடைப்பு மருந்து கலத்தைக் கொல்வதில்லை, திசையைத்தான் மறக்கடிக்கிறது. ஏற்கெனவே போய்க் குடியேறிய கட்டிக்கு வழி மறந்தால் என்ன, நினைவிருந்தால் என்ன? பரவிவிட்டது என்று ஒருவருக்குத் தெரியவரும்போது பெரும்பாலும் அந்தப் பயணம் முடிந்து வெகுகாலம் ஆகியிருக்கும்.

இன்னொரு பாடம் எலிகளிடமிருந்து வந்தது. சி.சி.எல். 2 என்று ஒரு மணம் உண்டு. புற்றுக்கட்டி அதை விட்டு ஒருவகை வெண்குழியங்களைக் கூலிக்கு அழைப்பதுபோல் அழைக்கிறது. அவை வந்து, குருதிக் குழாயிலிருந்து புற்றுக் கலம் இறங்குவதற்குக் கைகொடுக்கின்றன. 2011இல் இது தெளிவாகியது. அந்த மணத்தை மருந்தால் துடைத்தபோது எலிகளில் பரவல் குறைந்தது. நல்ல செய்திதான். 2014இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரக் குழு ஒன்று அடுத்த கேள்வியைக் கேட்டது: மருந்தை நிறுத்தினால்? இங்கினியாகலயில் வான்கதவைத் திறந்தால் கீழே என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். மருந்து இருக்கும்வரை அந்த வெண்குழியங்கள் மச்சையில் தேங்கி நின்றன. நிறுத்தியதும் ஒரேயடியாகப் பாய்ந்தன. மருந்தே கொடுக்காத எலிகளைவிட இவற்றுக்கு நோய் வேகமாகப் பரவியது, சாவும் விரைவாக வந்தது. மணத்தை அடைப்பது பாதி வேலைதான், எப்போது எப்படித் திறப்பது என்பது மீதிப் பாதி.

பலித்த வழி ஒன்றும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். ஜப்பானின் தென்மேற்கில் ஒரு வைரஸால் வரும் குருதிப் புற்று இருக்கிறது. அதன் கலங்களில் சி.சி.ஆர். 4 என்ற மூக்கு தூக்கலாக இருக்கும். இது நம் நாலாம் மூக்கு இல்லை, வேறொன்று. மொகமுலிசுமாப் என்ற மருந்து அந்த மூக்கை அடையாளமாகப் பிடித்து, அந்தக் கலத்தை உடம்பின் காவற்கலங்களுக்குக் காட்டிக்கொடுக்கிறது. 2012இல் ஜப்பானிலும், தோலைத் தாக்கும் ஒருவகை நிணநீர்ப் புற்றுக்காக 2018இல் அமெரிக்காவிலும் அனுமதியானது. ஆனால் மார்பகம், வாய், குடல் மாதிரிக் கட்டியாக வரும் புற்றுகளில், பரவலைத் தடுக்கவென்று அனுமதி பெற்ற கீமோகைன் மருந்து ஒன்றுமில்லை.

ராத்தாவின் முகம் விழுந்துவிட்டது. கோப்பை ஆறிப்போயிருந்தது. மருமகளிடம் இன்னொன்று ஊற்றச் சொன்னேன். "மறுகா ஏன் தம்பி இவ்வளவு நேரம் கத சொன்னீங்க?"

சொல்ல வந்ததே இனித்தான். மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை இருக்கிறது. அங்கே ராஜேந்திர பட்வே என்ற சத்திரசிகிச்சை மருத்துவரின் தலைமையில், ராத்தா கேட்ட அதே கேள்வியைச் சுற்றித்தான் ஆராய்ந்தார்கள்: கத்தி வைக்கிற நேரத்தில் ஏதாவது நடக்கிறதா? நடந்தால் அந்த நேரத்திலேயே தடுக்கலாமா? 2011 முதல் 2022 வரை இந்தியாவின் 11 மருத்துவமனைகளில், ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய்க்கு நேரே சத்திரசிகிச்சைக்கு வந்த 1,600 பெண்களைச் சேர்த்தார்கள். குலுக்கல் முறையில் இரண்டு பங்கு. ஒரு பங்குக்கு வழக்கமான சத்திரசிகிச்சை. மறு பங்குக்கும் அதேதான். ஆனால் கத்தி வைக்க ஏழு முதல் பத்து நிமிடம் முன்னால் கட்டியைச் சுற்றி லிக்னொகெய்ன் ஊசி. பல்லுப் பிடுங்கும்போது போடுவார்களே, அந்த விறைப்பு ஊசிதான். காப்புரிமையும் இல்லை, விலையும் இல்லை. எந்தச் சின்ன ஆஸ்பத்திரி அலுமாரியிலும் கிடக்கும்.

2023இல் முடிவு அச்சில் வந்தது. ஐந்து வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள், ஊசி போடாத பக்கம் நூற்றுக்கு 82.6, போட்ட பக்கம் 86.6. உயிரோடு இருந்தவர்கள் முறையே 86.4, 90.1. நூறு பேரில் நாலு பேர் வித்தியாசம். கேட்கச் சிறிதாக இருக்கும். அந்த நாலில் ஒருவர் நம் வீட்டு ஆளாக இருந்தால் சிறிதில்லை.

விறைப்பு ஊசிக்கும் மணத்துக்கும் என்ன தொடர்பு? மும்பை மருத்துவர்கள் முன்வைத்த காரணம், புற்றுக் கலத்தின் தோலிலுள்ள சோடிய வாயில்களை இந்த மருந்து அடைக்கிறது, அதனால் கலம் நகரும் வலு குறைகிறது என்பது. நரம்பு விறைப்பதும் அதே வாயில் அடைபடுவதால்தான். இதற்கிடையில் 2018இல் சுவிட்சர்லாந்தின் பெல்லின்சோனாவில் மரியக்ராசியா உகுச்சியோனி என்பவரின் கீமோகைன் ஆய்வுக்கூடம் மார்பகப் புற்றுக் கலங்களைக் கண்ணாடித் தட்டில் வைத்துப் பார்த்தது. பன்னிரண்டாம் மணத்தைக் காட்டினால் அந்தக் கலங்கள் காலை நீட்டி அதை நோக்கி நடந்தன. லிக்னொகெய்ன் சேர்த்ததும் நாலாம் மூக்கிலிருந்து உள்ளே போகும் செய்தி தடைப்பட்டது, கால் மடங்கியது, நடை குறைந்தது. மும்பைப் பெண்களின் உடம்பில் வேலை செய்தது இதுவா, சோடிய வாயிலா, இரண்டுமா என்று தட்டு வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மும்பை ஆய்வும் ஒன்றுதான். இன்னோரிடத்திலும் செய்து பார்க்க வேண்டும், மறு பங்குக்கு வெறும் நீர் ஊசி போட்டு ஒப்பிட்டிருக்க வேண்டும் என்று குறை சொன்னவர்களும் உண்டு. எனக்குப் பிடித்தது அவர்கள் நேரம் பார்த்த விதம். வீட்டுப் பிள்ளைகளின் மூக்கை மாதக்கணக்கில் அடைக்கவில்லை. கள்ளன் வெளிக்கிடக்கூடிய அந்தச் சில நிமிடத்துக்கு, அவன் நிற்கிற வளவை மட்டும் சுற்றி அடைத்தார்கள்.

இனி ராத்தாவின் கேள்விக்கு வரலாம். கத்தி வைக்கும் நேரத்தில் சில கலங்கள் நழுவலாம் என்ற சந்தேகம் படிக்காத பெண்களின் மூடநம்பிக்கை இல்லை. 1,600 பெண்களை வைத்துப் பதினொரு வருடம் ஆராயும் அளவுக்குப் பெரிய டொக்டர்மாருக்கும் இருந்த சந்தேகம்தான். ஆனால் அதே சந்தேகத்தோடு அவர்கள் ஒருவரைக்கூட வெட்டாமல் அனுப்பவில்லை. ஏனென்றால் கத்தி வைக்காவிட்டாலும் கலம் நழுவிக்கொண்டேதான் இருக்கிறது. கட்டி இருக்கும் ஒவ்வொரு நாளும் அது குருதிக்குள் கலங்களை விடும். அதில் பத்தாயிரத்தில் ஒன்றுகூடப் பிழைத்து முளைப்பதில்லை என்று எலிகளில் அளந்திருக்கிறார்கள். நம் உடம்பு அவ்வளவு கறார். ஆனால் நாள் கூடக்கூடப் போகும் பத்தாயிரங்களும் கூடும்.

கத்தியே படாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. இலண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் 1805 முதல் 1933 வரை சிகிச்சை எதுவும் பெறாமல் இருந்த 250 மார்பகப் புற்றுநோயாளரின் பதிவுகளை 1962இல் தொகுத்தார்கள். பலர் நோய் முற்றிய பிறகு வந்தவர்கள். நோய்க்குறி தெரிந்த நாளிலிருந்து இரண்டே முக்கால் வருடத்துக்குள் பாதிப்பேர் போய்விட்டார்கள். அவர்கள் உடம்பில் எந்த டொக்டரும் கத்தி வைக்கவில்லை. நோய் தன் மூக்கைப் பிடித்துத் தானே போனது.

"அந்த மாமிக்கு வெட்டி ஆறு மாசத்தில ஈரலுக்குப் போனதே?"

வெட்டுகிற அன்றைக்கே அது ஈரலில் இருந்திருக்கும் ராத்தா. ஸ்கேனில் தெரியுமளவுக்கு ஒரு கட்டி வளரவே பல மாதம், சில வேளை வருடங்கள் எடுக்கும். ஆறு மாதத்தில் தெரிந்தது என்றால் விதை விழுந்தது அதற்கு முந்திய போகத்தில். பின்னால் தெரிந்ததற்கு முன்னால் நடந்ததைக் காரணமாக்குவது மனித இயல்பு. மும்பையிலேயே இதன் மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறார்கள். வேறு உறுப்புகளுக்கு ஏற்கெனவே பரவிய நிலையில் வந்த 350 பெண்களில் ஒரு பங்குக்கு மார்பகக் கட்டியை வெட்டினார்கள், மறு பங்குக்கு வெட்டவில்லை. 2015இல் வெளியான முடிவில் இரு பக்கத்தின் ஆயுளிலும் வித்தியாசம் இல்லை. வெளிக்கிட்ட பிறகு புறப்பட்ட வீட்டை இடிப்பதால் பெரிய பயனில்லை. வெளிக்கிட முன்னம் இடித்தால்தான் உண்டு. ஊசியால் எடுத்துச் சோதித்ததால் பரவுமோ என்ற பயமும் வேண்டாம். மார்பகத்தில் அதனால் ஆயுள் குறைந்ததற்கு ஆதாரமில்லை. அந்தச் சோதனை இல்லாமல் எந்த மருந்து என்று டொக்டர் தீர்மானிக்கவும் முடியாது.

இருட்டிக்கொண்டு வந்தது. மஃரிபுக்குப் பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரம்தான். ராத்தா இரண்டாவது கோப்பையை ஒரே மூச்சில் குடித்து வைத்தார்.

"அந்த வெறைப்பு ஊசி நம்மட ஆஸ்பத்திரியிலயும் போடுவாங்களா?"

"கேட்டுப் பாருங்க. அது ஒரு ஆய்வு, எல்லா டொக்டரும் செய்ய மாட்டாங்க. செய்யாட்டியும் ஒப்பரேஷனை விட்டுடாதீங்க. ஊசி இல்லாத பக்கத்திலயும் நூறில எண்பத்தாறு பேர் அஞ்சு வருசம் கழிச்சு இரிந்தாங்க."

அப்போதுதான் அந்தக் கைப்பையைத் திறந்தார். உள்ளேயிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட கிளினிக் கொப்பியை எடுத்து நீட்டினார். தங்கையினுடையது. "இதில எப்ப வரச் சொல்லி எழுதியிரிக்கி எண்டு பாருங்க. கண்ணாடி கொண்டு வரல்ல."

வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். வாட்டில் சேர வரச் சொல்லிச் சிவப்புப் பேனையால் கோடிட்டிருந்த திகதி கடந்து பதினொரு நாள் ஆகியிருந்தது.

சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவருக்குத் திகதி தெரியாமலில்லை என்று எனக்குப் பட்டது. பிறகு கொப்பியை வாங்கி உறைக்குள் பக்குவமாகச் செருகினார்.

"நாளைக்கிப் போனா ஏசுவாங்களோ?"

"ஏசுவாங்க ராத்தா. ஏசட்டும். கூட்டிக்கிட்டுப் போங்க."